400 கே.வி. லைன் வேலைக்கு ஆள் கணக்கு போடுவது எப்படி

2024 அக்டோபரில் தேசிய மின்சாரத் திட்டத்தின் மின்தொடரமைப்புப் பகுதி வெளியானது. 2022-23 முதல் 2031-32 வரையிலான பத்தாண்டில் நாடு முழுக்க 1,91,000 சர்க்யூட் கிலோமீட்டருக்கு மேல் லைன், 1,270 ஜி.வி.ஏ. மின்மாற்றித் திறன், மொத்தம் 9.15 லட்சம் கோடி ரூபாய் என்று அதில் இருக்கிறது. காசு எங்கிருந்து வரும், நிலம் யார் தருவார் என்று எல்லாரும் பேசுகிறார்கள். டவர் மேல் ஏறப் போவது யார் என்ற விஷயம் மட்டும் டெண்டர் ஆவணத்தின் கடைசியில் ஒரு பக்க வரைபடமாக முடிந்துவிடுகிறது. மேன்பவர் ஹிஸ்டோகிராம் என்பார்கள். மொத்த வேலையை மாதங்களால் வகுத்து, அதை ஒரு ஆள் செய்யும் வேலையால் வகுத்து எக்செலில் போட்டது. சைட்டில் மூன்று மாதம் தாண்டினால் அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

காரணத்தைப் பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். தென் மாவட்டக் காற்றாலை மின்சாரத்தை வெளியே கொண்டுவர 100 கி.மீ. நீளத்துக்கு 400 கே.வி. இரட்டை சர்க்யூட் (ஒரே டவரில் இரண்டு மின்பாதை), குவாட் மூஸ் கண்டக்டர் (பேஸுக்கு நான்கு கம்பி, மூஸ் என்பது கம்பி வகை) லைன் என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டருக்கு ஒரு டவர் என்பது அடிப்படை. திருப்பங்கள், ரோடு, ரயில் கிராஸிங் எல்லாம் சேர்ந்தால் கிலோமீட்டருக்கு 2.7 வரும். ஆக 270 டவர். டவர் வகைகள் இப்படி: நேராகப் போகும் இடத்தில் டி.ஏ., 15 டிகிரி வரை திரும்பினால் டி.பி., 30 வரை டி.சி., அதற்கு மேலும் லைன் முடியும் இடத்திலும் டி.டி. எல்லாம் கலந்து எடை போட்டால் கிலோமீட்டருக்கு 60 டன் பக்கம் நிற்கும். 6,000 டன் இரும்பு. கண்டக்டர் இரண்டு சர்க்யூட், மூன்று பேஸ், பேஸுக்கு நான்கு கம்பி: மொத்தம் 24 கம்பி. 100 கி.மீ.க்கு 2,400 கி.மீ., தொய்வையும் சேர்த்தால் 2,430. மூஸ் டிரம் ஒன்றில் 1,800 மீட்டர் வரும். 1,350 டிரம். கிலோமீட்டருக்கு 2 டன் என்பதால் ஒவ்வொரு டிரம்மிலும் கம்பி மட்டும் 3.6 டன்.

இதை யார் செய்வது? இங்கே தனி ஆளை எண்ணக் கூடாது, கேங்கை எண்ண வேண்டும். ஃபவுண்டேஷன் கேங்கில் 20 பேர், ஜே.சி.பி. இருந்தால் மாதம் 4 அல்லது 5 லொக்கேஷன். எரக்‌ஷன் கேங்கில் 18 பேர். டெரிக் என்ற தூக்குக் கம்பம் கட்டி டவரை ஏற்றும் கேங் மாதம் 80 டன் என்று வைப்பது நியாயம். ஸ்ட்ரிங்கிங் (கம்பி இழுக்கும்) கேங்கில் டி.எஸ்.இ. (கம்பியை இழுவையோடு இழுக்கும் மெஷின்) செட்டோடு 90 பேர். குவாட் இரட்டை சர்க்யூட்டில் மாதம் 6 கி.மீ. போனால் நல்ல வேகம். கணக்கு இப்படி வரும். ஃபவுண்டேஷனுக்கு 60 கேங் மாதம் (ஒரு கேங் ஒரு மாதத்தில் செய்யும் வேலை ஒரு கேங் மாதம்), எரக்‌ஷனுக்கு 75, ஸ்ட்ரிங்கிங்குக்கு 17. பத்து மாதத்தில் ஃபவுண்டேஷனும் எரக்‌ஷனும் முடிய வேண்டுமென்றால் முறையே 6 கேங், 8 கேங். ஸ்ட்ரிங்கிங்குக்கு எட்டு மாதம் என்றால் இரண்டு செட். எல்லாம் ஒன்றாக ஓடும் மாதத்தில் 440 பேர், கூட டிரைவர், ஸ்டோர், சர்வே.

பேப்பரில் இது சரி. ஹிஸ்டோகிராமும் இதே இடத்தில்தான் நின்றுவிடுகிறது. கேங் எத்தனை என்பதைவிட, கேங் போய் நிற்க ‘ஃப்ரண்ட்’ இருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வழி கிடைத்து, மெட்டீரியல் இறங்கி, முந்தைய வேலை முடிந்து, இன்று காலை ஆளை இறக்கினால் வேலை நடக்கும் என்ற நிலையில் இருக்கும் இடம்தான் ஃப்ரண்ட்.

ஃபவுண்டேஷனுக்கும் எரக்‌ஷனுக்கும் ஒரு லொக்கேஷன் தகராறில் நின்றால் அடுத்ததற்குப் போய்விடலாம். கான்கிரீட் போட்டு 14 நாள் கழித்தே டவர் ஏற்ற வேண்டும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் எப்படியும் ஒரு இடைவெளி உண்டு. ஸ்ட்ரிங்கிங் அப்படியல்ல. ஒரு இழுப்பு, அதாவது ஒரு செக்‌ஷன், என்பது ஏறக்குறைய 5 கி.மீ., அதில் 13 டவர். பதின்மூன்றும் நின்றால்தான் கம்பி போகும். இப்போது மாதாந்திர ரிவ்யூவில் "90 சதவீத டவர் முடிந்தது" என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். நின்றுபோன 10 சதவீதம் லைன் முழுக்கச் சிதறிக் கிடந்தால், ஒரு செக்‌ஷனில் 13 டவரும் தயாராக இருக்க வாய்ப்பு 0.9-ஐ 13 முறை பெருக்கினால் வருவது: 0.25. அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு டவர் நின்றும், நான்கில் ஒரு செக்‌ஷனில்தான் கம்பி இழுக்க முடியும். 95 சதவீதம் முடிந்தாலும் பாதி செக்‌ஷன்தான். 97 தொட்டால்தான் மூன்றில் இரண்டு. தொண்ணூறு சதவீதம் என்ற எண்ணை நம்பி இரண்டு டி.எஸ்.இ. செட்டையும் 180 பேரையும் இறக்கினால் ஒரு மாதத்தில் வேலை இல்லாமல் கேம்ப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்குக் கூலி 900 ரூபாய் என்று வைத்தாலே ஒரு கேங்குக்கு ஒரு நாளைக்கு 81,000. மெஷின் வாடகை தனி.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் கேங் போய்விடுவது. குஜராத்தில் கவ்டாவிலும் ராஜஸ்தானில் பட்லா, ஃபதேகர் பக்கமும் சோலாருக்கான லைன் வேலை ஓடிக்கொண்டிருக்கும் காலம் இது. பத்து நாள் சும்மா உட்கார்ந்த கேங்குக்கு அங்கிருந்து போன் வரும். போன கேங் திரும்பி வராது, வந்தாலும் பழைய ரேட்டுக்கு வராது. ஆகவே ஸ்ட்ரிங்கிங் கேங்கை வரவழைக்கும் முடிவை டவர் சதவீதத்தை வைத்து எடுக்காமல், தொடர்ச்சியாகத் தயாரான செக்‌ஷன் எத்தனை என்று எண்ணி எடுக்க வேண்டும். கையில் நான்கு செக்‌ஷன் தயாராகாமல் முதல் செட்டை இறக்கக் கூடாது. எட்டு இல்லாமல் இரண்டாவது செட் வேண்டாம். ஃபவுண்டேஷன், எரக்‌ஷன் கேங்குகளையும் மனம்போன போக்கில் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஓடவிடாமல், செக்‌ஷன் செக்‌ஷனாக மூடிக்கொண்டு வரும்படி திருப்ப வேண்டும். இதைச் செய்யும்போது மாதாந்திர டன் கணக்கு கொஞ்சம் குறையும். காண்ட்ராக்டர் முணுமுணுப்பார், ஏனென்றால் அவருக்கு பில் டன்னில்தான். எரக்‌ஷன் பில்லில் ஒரு பங்கை செக்‌ஷன் முடிந்தபின் தருவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் முணுமுணுப்பு குறையும்.

வழி கிடைப்பது யார் வேலை? ஹிஸ்டோகிராமில் இந்த வரியே இருக்காது. 400 கே.வி.க்கு வழித்தட அகலம் 46 மீட்டர், 765 கே.வி. இரட்டை சர்க்யூட்டுக்கு 67. நம் 100 கி.மீ.க்கு 460 ஹெக்டேர் நிலத்தின் மேல் கம்பி போகும். துண்டு நிலங்களைக் குறுக்கே வெட்டிப் போவதால் பட்டாதாரர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். 2024 ஜூனில் வந்த மத்திய மின்துறை வழிகாட்டுதலில் டவர் அடி நிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிக்குக் கீழான வழித்தடத்துக்கு 30 சதவீதம் இழப்பீடு என்று உயர்த்தினார்கள். முன்பு 85, 15 ஆக இருந்தது. தொகை உயர்ந்ததால் பேச்சு எளிதாகியிருக்கலாம், ஆனால் காகித வேலை குறையவில்லை. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அளவு, மர எண்ணிக்கை, வி.ஏ.ஓ. சான்று, வழிகாட்டி மதிப்பா சந்தை மதிப்பா என்ற வாதம், வங்கிக் கணக்கு, பட்டாவில் இறந்துபோன தாத்தா பெயர் இருந்தால் வாரிசுச் சான்று. 25 கி.மீ.க்கு ஒரு குழு வீதம் நான்கு குழு வேண்டும். குழுவுக்கு வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு சர்வேயர், உள்ளூர் பேச்சு தெரிந்த இரண்டு பேர். பதினாறு பேர்தான். அந்தப் பதினாறு பேர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் 440 பேர் வேலையில்லாமல் உட்கார்ந்த சைட்டுகள் உண்டு.

கேரளத்தில் இடமண்–கொச்சி 400 கே.வி. லைன் இதற்கு எல்லாரும் அறிந்த உதாரணம். 148 கி.மீ.தான். வழித்தட எதிர்ப்பில் ஆண்டுக்கணக்கில் நின்று, 2019-இல்தான் முடிந்தது. கொங்கு மாவட்டங்களில் ராய்கர்–புகளூர் 800 கே.வி. லைனுக்கு நடந்த விவசாயிகள் போராட்டமும் நினைவிருக்கும். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கே.வி. நேர்மின் இணைப்பில் கேரளப் பகுதியின் ஒரு பாகத்தைத் தரைக்கடியில் கேபிளாகவே கொண்டுபோனார்கள். அது நிலத் தகராறைக் குறைத்தது. கேபிள் ஜாயின்ட்டர் வேண்டும் என்ற வேறொரு ஆள் தேவையைக் கொண்டுவந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்து நாள்காட்டி. தமிழ்நாட்டில் டவர் ஏற்றுபவர்களும் கம்பி இழுப்பவர்களும் பெரும்பாலும் மேற்கு வங்கத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பக்கத்தினர், ஜார்க்கண்ட்காரர்கள். சர்தார் (கேங் தலைவர்) ஒருவர் கீழ் ஒரே ஊர், ஒரே உறவு. ஒருவன் வீட்டுக்குப் போனால் ஐந்து பேர் போவார்கள், சர்தார் போனால் கேங்கே போகும். ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் கிளம்பினால் திரும்ப மூன்று வாரம் ஆகும். இரண்டு பண்டிகையும் ஆண்டுக்கு 11 நாள் முன்னால் நகர்கிறது என்பதால் போன வருஷ பிளானை அப்படியே நகலெடுக்க முடியாது. மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தலும் நம்முடையதும் ஒரே பருவத்தில் வருகின்றன: 2016, 2021. அந்தக் கோடையில் வங்காளத்துக்காரர்கள் ஓட்டுப் போடப் போவார்கள் என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

ஒரு விஷயம் நமக்குச் சாதகமாக அமைகிறது. அவர்கள் ஊரில் ஆமன் நெல் அறுவடை நவம்பர், டிசம்பர். இங்கே அதே நேரம் வடகிழக்குப் பருவமழை. வயலில் டிராக்டர் இறங்காது, குழி தோண்டினால் தண்ணீர். விடுப்பை நாமே அந்த ஆறு வாரத்துக்குத் தள்ளிக் கொடுத்து, போக வர டிக்கெட்டை கம்பெனி ஏற்று, ஜனவரி 5-க்குள் திரும்பினால் கூடுதல் தொகை என்று வைத்தால் கேங் ஏறத்தாழ முழுதாகத் திரும்பும். இதைச் செய்யாதவர்களின் கேங் தீபாவளிக்கு அப்புறம் தானாகக் கரைந்து, பிப்ரவரியில் பாதியாக வரும்.

ஏன் ஜனவரி? காரணம் அவுட்டேஜ், அதாவது ஓடும் லைனை வேலைக்காக நிறுத்துவது. புது லைன்தானே, கரண்ட் நிறுத்த வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றலாம். தென் மாவட்டத்தில் ஏற்கெனவே ஓடும் 110, 230 கே.வி. லைன்களைத் தாண்டாமல் பத்து கி.மீ. போக முடியாது. ஒவ்வொரு தாண்டலுக்கும் கீழே இருக்கும் லைனை நிறுத்த வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகக் காற்று அடிக்கும் காலம். காற்றாலை மின்சாரத்தை இழுத்துப் போகும் லைனை நிறுத்தச் சொன்னால் மின் பகிர்வு மையம் ஒப்புக்கொள்ளாது. காற்றுக்குத் தகுந்தபடி கட்டிய லைனை காற்று வீசும்போது நிறுத்துவதில் அர்த்தமும் இல்லை. ஏப்ரல், மே-யில் தேவை உச்சிக்குப் போகும்; 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மிஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் கடைசி வரை. அதிலும் பொங்கலைக் கழிக்க வேண்டும், பரீட்சை நேரத்தில் ஊருக்குள் மின்தடை போட முடியாது.

இப்போது பழைய கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 17 கேங் மாதம் ஸ்ட்ரிங்கிங், எட்டு மாதத்தில் இரண்டு செட் என்றோம். 100 கி.மீ.யில் பாதி கிராஸிங் உள்ள செக்‌ஷன் என்றால் 8 அல்லது 9 கேங் மாத வேலை அந்த மூன்று மாத ஜன்னலுக்குள் விழ வேண்டும். மூன்று செட் வேண்டும். மற்ற மாதங்களில் ஒன்று போதும். ஆள் தேவை சீராக இல்லை, குவிந்து நிற்கிறது. ஒவ்வொரு புராஜெக்ட்டும் அதே மூன்று மாதத்தைக் கேட்கிறது, பராமரிப்புப் பிரிவும் அதையே கேட்கிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் லைன் என்றால் பெங்களூரில் தென்மண்டல மின்குழுவின் மாதாந்திர ஓ.சி.சி. (இயக்க ஒருங்கிணைப்புக் குழு) கூட்டத்தில் முந்தைய மாதமே பெயர் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கேங் தயாராகி, அவுட்டேஜ் கேட்க மறந்த சைட்டும் உண்டு. அவுட்டேஜ் கிடைத்து, அந்தத் தேதியில் கேங் பக்ரீத்துக்குப் போயிருந்த சைட்டும் உண்டு. அவுட்டேஜ் பட்டியலையும் விடுப்புப் பட்டியலையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் எழுதுவதுதான் இதற்கு மருந்து. மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை.

அவுட்டேஜ் நாள் ஒன்று எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடலாம். எல்.சி. (லைன் கிளியர்: நிறுத்திய லைனில் வேலை செய்யத் தரும் அனுமதி) காலை 8 முதல் மாலை 5 வரை என்று அனுமதி. எட்டு மணிக்கு லோடு மாற்றுவார்கள். இரண்டு முனை சப்ஸ்டேஷனிலும் பிரேக்கர் திறந்து, ஐசொலேட்டர் திறந்து, எர்த் சுவிட்ச் போட்டு, எல்.சி. எண் போனில் சைட்டுக்கு வர 9:15 ஆகும். சைட்டில் டிஸ்சார்ஜ் ராடு போட்டுச் சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் மாட்டி முடிக்க இன்னும் முக்கால் மணி. பத்து மணிக்கு முதல் ஆள் ஏறுவான். மாலை நாலு மணிக்கு எல்லாரும் இறங்கி, தலை எண்ணி, எர்த் ராடு எண்ணி, எல்.சி. ரிட்டர்ன் கொடுக்கத் தொடங்க வேண்டும். ஒன்பது மணி நேர அனுமதியில் கையில் கிடைப்பது ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்துக்கு 90 பேரும் ஒன்பது மணிக்கே டவர் அடியில் நிற்க வேண்டும், பைலட் வயர் (கம்பியை இழுக்க முதலில் போடும் வயர்) முந்தைய நாளே கிராஸிங்கின் இரு பக்கமும் வந்து நிற்க வேண்டும். ரயில்வே கிராஸிங் என்றால் இன்னும் மோசம். டிராஃபிக் பிளாக் ஒன்றிரண்டு மணி நேரம்தான், தாமதமானால் அடுத்த தேதிக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

இதில் யாரும் எண்ணாத ஒரு ஆள் இருக்கிறார்: எல்.சி. எடுக்கத் தகுதி பெற்ற பொறியாளர். எடுத்தவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே லைனில் இரண்டு கேங் இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டு தனி எல்.சி.; ஒருவர் எல்.சி.யில் இன்னொரு கேங்கை ஏற்றுவது விபத்துக்கு நேரான வழி. ஆக ஒரே நாளில் எத்தனை இடத்தில் வேலை நடத்த முடியும் என்பதை கேங் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, களத்தில் நிற்கக் கூடிய உதவிப் பொறியாளர்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. மூன்று டி.எஸ்.இ. செட் இறக்கி, இரண்டு ஏ.இ. மட்டும் இருந்தால் ஒரு செட் சும்மா நிற்கும். எர்த் ராடும் அப்படியே: மூன்று பேஸுக்கு இருபுறம் ஆறு, கைவசம் இரண்டு, ஒவ்வொரு கேங்குக்கும் தனியாக. பக்கத்தில் இன்னொரு சர்க்யூட் உயிரோடு இருந்தால், நிறுத்திய கம்பியிலும் தூண்டல் மின்னழுத்தம், அதாவது இண்டக்‌ஷன் ஏறும். முனையில் எர்த் சுவிட்ச் போட்டாயிற்றே என்று சைட் எர்த்தைத் தவிர்ப்பதால்தான் அனுபவமுள்ள ஆட்களே சாகிறார்கள்.

90 பேர் எதற்கு என்று கணக்குப் பிரிவு கேட்கும். டென்ஷனர் (கம்பியை இறுக்கமாகப் பிடித்து விடும் மெஷின்), புல்லர் (மறுமுனையில் இழுக்கும் மெஷின்) இரண்டுக்கும் ஆபரேட்டரும் உதவியாளும் ஆறு பேர். டிரம் ஏற்ற, பிரேக் பிடிக்க பத்து. 13 டவரிலும் டவருக்கு ஒருவராவது மேலே, வாக்கி டாக்கியோடு. கம்பி முனைகளில் ஸ்லீவை அழுத்தும் கம்ப்ரஷன் மெஷின் இரண்டு, அதற்கு எட்டு. தியோடலைட் வைத்து சாக் (கம்பியின் தொய்வு) பார்ப்பவர், அவருக்குக் கை ஆள். கிளிப்பிங், ஸ்பேஸர், ஜம்பர் என்று மூன்று குழு. கிராஸிங் காவல். தளவாட வண்டி. சமையல்காரர் இருவர், அவர்கள் கோபித்துக்கொண்டு போனால் மறுநாள் காலை ஒருத்தனும் டவரில் ஏற மாட்டான், இது ஜோக் இல்லை. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுவது டவர் மேல் நிற்கும் அந்த ஒற்றை ஆளைத்தான். அவனுக்கு வேலையே இல்லாதது போலத் தெரியும். நான்கு கம்பியையும் சேர்த்து இழுக்கும் ரன்னிங் போர்டு ரோலருக்குள் நுழையும்போது சற்றுத் திரும்பிச் சிக்கினால், அதைப் பார்ப்பவன் அவன் மட்டுமே. அவன் "நிறுத்து" என்று சொல்லாவிட்டால் இரண்டு கி.மீ. தள்ளி இருக்கும் புல்லர் ஆபரேட்டர் இழுத்துக்கொண்டே இருப்பார். டைனமோமீட்டர் முள் ஏறுவது தெரிந்து நிறுத்துவதற்குள் கிராஸ் ஆர்ம் வளைந்துவிடும்.

கம்ப்ரஷன் ஆட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 270 டவரில் 80 டென்ஷன் டவர் (கம்பியின் இழுவையைத் தாங்கி, கம்பி முடிந்து மீண்டும் தொடங்கும் டவர்) என்று வைத்தால், ஒவ்வொன்றிலும் இருபுறம் 24 வீதம் 48 டெட் எண்ட் (கம்பி முனையைப் பிடிக்கும் பொருத்தி): 3,840. நடுவில் டிரம் முடிந்து சேர்க்கும் ஜாயின்ட் செக்‌ஷனுக்கு 48, இருபது செக்‌ஷனுக்கு 960. ஏறக்குறைய 4,800 கம்ப்ரஷன், ஒவ்வொன்றிலும் முதலில் ஸ்டீல் ஸ்லீவ், பிறகு அலுமினிய ஸ்லீவ். 100 டன் பிரஸ்ஸில் இதைச் செய்யும் ஆளுக்குக் கைப்பழக்கம் வேண்டும். ஸ்டீல் ஸ்லீவ் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தள்ளிப் போனாலோ, கிரீஸ் நிரப்பாமல் விட்டாலோ அன்றைக்கு ஒன்றும் தெரியாது. லைன் சார்ஜ் ஆகி (மின்சாரம் ஏற்றி) முழு லோடு ஓடும் முதல் கோடையில் தெர்மோவிஷன் கேமராவில் சிவப்பாகத் தெரியும், அல்லது கம்பி கீழே விழும். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் எந்த ஆள், எந்த டை, அழுத்தியபின் அளவு என்ன என்று ரிஜிஸ்டர் எழுத ஒரு ஆளைக் கூடுதலாகப் போடுங்கள். நல்ல கம்ப்ரஷன் ஆளை ஸ்ட்ரிங்கிங் கேங்கோடு பேசும் மொத்த ரேட்டுக்குள் அடைக்காமல் தனிச் சம்பளத்தில் வைத்துக்கொள்வது என் கட்சி.

மறந்துபோகும் இன்னொரு குழு டைட்டனிங், டாக் வெல்டிங் கேங்: போல்ட்டை முழுதாக முறுக்கி, கழலாமல் வெல்டிங் வைப்பவர்கள். ஐந்தாறு பேர்தான். எரக்‌ஷன் கேங் டன் கணக்கில் ஓடிவிடும், போல்ட் முழுதாக முறுக்காமல், இரண்டு மூன்று மெம்பர் இல்லாமல் டவர் நிற்கும். அப்படிப்பட்ட டவரில் கம்பி ஏற்ற முடியாது. நான்கு எரக்‌ஷன் கேங்குக்கு ஒரு டைட்டனிங் கேங் பின்னாலேயே வர வேண்டும்.

பழைய லைனில் கம்பி மாற்றும் வேலை வேறு ரகம். டவரைத் தொடாமல், ஜீப்ரா அல்லது பேந்தர் கம்பியை இறக்கிவிட்டு ஹெச்.டி.எல்.எஸ். (அதிக சூட்டிலும் குறைவாகத் தொய்யும்) கம்பி போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் ஓடும் என்பதால் எல்லாருக்கும் இதில் ஆசை. ஆனால் முழு லைனும் அவுட்டேஜ். நாள் கணக்கு மிகக் கறார். கார்பன் ஃபைபர் கோர் உள்ள கம்பி என்றால் பழகிய கேங்கும் புதிதாகக் கற்க வேண்டும்: தரையில் போட்டு மடக்கக் கூடாது, சின்ன ரோலரில் வளைக்கக் கூடாது, டெட் எண்டில் கோரைப் பிடிக்க கோலெட் என்ற கவ்வி. உள்ளே கோர் விரிசல் விட்டால் வெளியே தெரியாது. கம்பி கம்பெனியின் ஆள் சைட்டில் நிற்காமல் அவர்கள் உத்தரவாதம் தருவதில்லை; அப்படிப்பட்டவர்கள் நாடு முழுக்கக் கொஞ்சம் பேர். அவுட்டேஜ் தேதியை அவர் தேதியோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

சென்னை போன்ற இடத்தில் 230 கே.வி. கேபிள் என்றால் தடை வேறு இடத்தில். பள்ளம் தோண்ட ஆள் தாராளமாகக் கிடைப்பார்கள். 10 கி.மீ. வழி, 500 மீட்டருக்கு ஒரு டிரம் என்றால் நடுவில் 19 ஜாயின்ட் பே (கேபிளை இணைக்கும் குழி); பேஸுக்கு ஒன்று வீதம் ஒரு சர்க்யூட்டுக்கு 57 ஜாயின்ட், முனைகளில் 6 டெர்மினேஷன். கேபிள் கம்பெனி அங்கீகரித்த ஜாயின்ட்டர் மட்டுமே கை வைக்கலாம். கூடாரம் போட்டு, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, இன்சுலேஷனைக் கண்ணாடி போல் தேய்த்துச் செய்யும் வேலை. ஒரு பே முடிக்க இரண்டு வாரம் வைத்தால், ஒரு டீம் 19 பே-யை முடிக்க 38 வாரம். நூறு பேரைச் சேர்த்தாலும் இது ஒரு நாள்கூடக் குறையாது. இன்னொரு ஜாயின்ட்டர் டீம் வந்தால்தான் குறையும். நவம்பர் மழையில் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் எந்த டீம் வந்தும் பயனில்லை.

சப்ஸ்டேஷன் பக்கம் சிவில் வேலைக்கும், ஸ்ட்ரக்சர் நிறுத்துவதற்கும் ஆள் பெரிய பிரச்சினையில்லை. மின்மாற்றியில் எண்ணெய் ஃபில்டர் செய்யும்போது மெஷின் இரவும் பகலும் நிற்காமல் ஓடும் என்பதால் மூன்று ஷிப்ட் ஆபரேட்டர் வேண்டும், அவ்வளவுதான். சிக்குவது டெஸ்டிங். சி.டி. (கரண்ட் அளக்கும் மின்மாற்றி) ரேஷியோ, போலாரிட்டி, டான் டெல்டா, ரிலே செட்டிங், டிரிப் சோதனை, எல்.பி.பி. (பிரேக்கர் திறக்காவிட்டால் காக்கும் ஏற்பாடு), பஸ்பார் பாதுகாப்பு, பகிர்வு மையத்துக்குப் போகும் ஒவ்வொரு சிக்னலும். ஒரு டீம் ஒரு 400 கே.வி. பே-யைச் (ஒரு லைனோ மின்மாற்றியோ சேரும் பகுதி) சரியாக முடிக்க இரண்டரை வாரம் எடுத்துக்கொள்ளும். முந்தைய தாமதங்கள் எல்லாம் கடைசியில் இவர்கள் தலையில்தான் விழும். இரண்டரை வாரத்தை ஐந்து நாளில் முடிக்கச் சொல்வார்கள். முடிப்பார்கள். சி.டி. ஸ்டார் பாயின்ட் ஒன்று தலைகீழாக இருந்தது லோடு ஏறும்போது டிஃபரன்ஷியல் ரிலே டிரிப் ஆகிச் சொல்லும். டெஸ்டிங் டீமுக்கான தேதியை சார்ஜ் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, யாரும் தொட முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும். தாமதம் வந்தால் சார்ஜ் தேதி நகரட்டும், அந்த இரண்டரை வாரம் சுருங்கக் கூடாது.

சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பார்கள்? ஆண்டுக்கு 365 நாள், நாளுக்கு மூன்று ஷிப்ட், 1,095 ஷிப்ட். வார விடுமுறை, விடுப்பு, பயிற்சி போக ஒருவர் ஏறத்தாழ 240 நாள் வருவார். வகுத்தால் 4.6. ஆக ஒரு நாற்காலியை எப்போதும் நிரப்பி வைக்க ஐந்து பேர். கன்ட்ரோல் ரூமில் ஒருவர், யார்டில் ஒருவர் என்று இரண்டு நாற்காலி வைத்தால் பத்து பேர். மூன்று பேரைப் போட்டு, ‘ரிலீவர் மற்ற ஸ்டேஷனிலிருந்து வருவார்’ என்று ஃபைலில் எழுதினால் அந்த மற்ற ஸ்டேஷனில் ஒருவர் 16 மணி நேரம் உட்காருவார். இந்தப் பத்து பேரும் சார்ஜுக்கு ஆறு மாதம் முன்பே வந்திருக்க வேண்டும். டெஸ்டிங் நடக்கும்போது கூடவே நின்று ஒவ்வொரு ஐசொலேட்டரையும் கையால் திறந்து மூடி, இன்டர்லாக் எங்கே தடுக்கிறது என்று பார்த்தவருக்கும், ஒப்படைக்கும் அன்று சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டவருக்கும் முதல் பஸ் ஃபால்ட் (பஸ்பாரில் வரும் பழுது) இரவில் வித்தியாசம் தெரியும். நெய்வேலியிலுள்ள தேசிய மின்பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புவதென்றாலும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே அனுப்பிவிட வேண்டும். சார்ஜ் ஆனபின் ஷிப்டில் இருந்து யாரையும் விடுவிக்க முடியாது.